வெள்ளை வீதியும் திண்ணை வீதியும்

பிரெஞ்சுக்காரர் ஊரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று காரிமங்கலத்தில் சொன்னால், "கப்பலிலா, விமானத்திலா?" என்று கேட்பார்கள். கிருஷ்ணகிரிக்குப் போய்ப் பஸ் மாறினால் போதும். ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் எல்லாம் கடந்தால் புதுச்சேரிக் கடல் வந்துவிடும். வழியில் தெரிந்த செஞ்சிக் கோட்டையை 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்ததையும், 1761இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்ததையும் பேத்திக்குச் சொன்னேன். "மிட்டாய்க் கடை எப்போது வரும், தாத்தா?" என்றாள் அவள்.

கடைகளுக்குக் குறைவே இல்லை. பிறை வடிவத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு வெண்ணெய் ரொட்டி. குரோசான் என்று பெயராம். தடி போல் நீண்ட ரொட்டி, பழம் பதித்த பணியாரங்கள், சாக்லேட் வகைகள். கமர்கட்டும் கடலை உருண்டையும் தின்று வளர்ந்த என் நாவுக்கு வெண்ணெய் சற்று அதிகம். ஆனால் விவிக்கம் என்ற கேக் என்னை நிறுத்திவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் புதுச்சேரி வீடுகளில் செய்வது. நம் ரவையும் முந்திரியும், அவர்களுடைய வெண்ணெயும், ரம்மில் ஊறிய உலர்பழமும் சேர்ந்தது. பாரிஸிலும் இது கிடைக்காது, காரிமங்கலத்திலும் கிடைக்காது. (ரம் விஷயத்தை வீட்டில் சொல்ல வேண்டாம் என்று பேத்தியிடம் ஒப்பந்தம்!)

வயிறு நிறைந்தபின் ஊர் சுற்றினோம். கடற்கரையில் 1836இல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கம். அருகே மேரி என்னும் நகர மண்டபம். பழைய மண்டபம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவத்தில் கட்டி 2021இல் திறந்தார்கள். மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் கூட்டம் கூட்டமாகப் படம் எடுக்கிறார்கள். பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருபவர்கள் வெகு சிலரே. என் மனக்குறை அங்கேதான் தொடங்குகிறது.

வாய்க்காலுக்கு மேற்கேதான் தமிழர் ஊர். டூப்ளேயின் துபாஷியாக இருந்து, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அங்கே இருக்கிறது. பாரதியார் வாழ்ந்த வீடும் அந்தப் பக்கமே. கல்வே சுப்பராய செட்டியார் வீதியில், அதாவது வைசியாள் வீதியில், ஒரு வீட்டின் முன் நெடுநேரம் நின்றேன். கீழே திண்ணை, மரத்தூண், தெருவை நோக்கிய தாழ்வாரம், எல்லாம் நம் வீடு. மாடியில் வளைவு ஜன்னலும் சுவர்த்தூணும், பிரெஞ்சு வீடு. கொத்தனார் விவிக்கம் கிண்டியிருக்கிறார்! இந்த வீதியின் முகப்புகளைப் புதுப்பித்ததற்காக 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஆனால் சுற்றுமுற்றும் எத்தனை திண்ணை வீடுகள் கான்கிரீட் பெட்டிகளாகிவிட்டன!

வெள்ளையர் வீதியைக் காக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1761இல் ஆங்கிலேயர் அந்த ஊரை இடித்துத் தள்ளினர். இன்று காண்பவற்றில் பெரும்பகுதி அதன்பின் எழுந்தது. இடிப்பது எதிரியின் வேலை என்று அன்று நினைத்திருப்பார்கள். இன்று திண்ணையை இடிப்பவர் வீட்டுக்காரரே. அவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. மரத்தூணைச் செல் அரிக்கிறது, சுண்ணாம்பு பூசத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, பங்காளிகள் ஐந்து பேர். நகர மண்டபத்துக்குக் கிடைக்கிற பணத்தில் ஒரு சிறு பங்கை, திண்ணையைக் காப்பவருக்குப் பழுதுபார்க்கும் மானியமாகக் கொடுத்தால் என்ன?

இதை எழுதும் எனக்கும் காரிமங்கலத்தில் பாட்டன் கட்டிய திண்ணை வீடு ஒன்று உண்டு. இரண்டு கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்கிறான் தம்பி. "அண்ணா, திண்ணையில் யார் உட்கார்கிறார்கள்?" என்று கேட்கிறான். கேள்வி நியாயமானதே. புதன்கிழமை மேஸ்திரி அளக்க வருகிறார். சென்ற வாரம் முதல் நான் காலையில் பத்திரிகையோடு திண்ணையில் உட்காருகிறேன். நேற்று பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்து உட்கார்ந்தார்.