கட்டுச்சோறும் கடல் பாலமும்

வெளியூர் கிளம்புவது என்றால் எங்கள் வீட்டில் முதல் நாள் ராத்திரியே ஒரு சின்ன சண்டை நடந்துவிடும். "சாப்பாடு கட்டிக்கிட்டு வரணுமாம்மா? போற இடத்துல ஹோட்டலே இல்லையா?" என்பான் பெரியவன். பதினைந்து வயசு. ரயிலில் நாலு பேர் பார்க்கத் தூக்குச் சட்டியைத் திறந்தால் மானம் போய்விடும் என்று நினைக்கிற வயசு. அவனைச் சமாளிப்பது பெரிய காரியம் இல்லை. ஆனால் கட்டுச்சோறு வேண்டாம் என்று என் மாமியாரும் சொல்லிவிட்டால்? அதற்கு நானேதான் காரணம் என்றால்?

சகோதரிகளே, என் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 மே மாதம் குடும்பத்தோடு பழனிக்குப் போனோம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தேங்காய்ச் சாதம் கிளறினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆவி பறக்கப் பறக்க டப்பாவில் அழுத்தி மூடி, பைக்குள் துண்டால் சுற்றியும் வைத்தேன். பகல் ஒரு மணிக்குத் திறந்தால் லேசாக ஒரு வாடை. வாயில் போட்டுப் பார்த்தேன். சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனால் முக்கால் கிலோ அரிசி, ரெண்டு தேங்காய்! கொட்ட மனசு வரவில்லை. "ஒண்ணும் இல்ல, சாப்பிடுங்க" என்று பரிமாறிவிட்டேன்.

எங்களுக்கு வயிற்று வலியோடு போயிற்று. அத்தைக்கு மட்டும் ராத்திரி முழுக்க வாந்தியும் பேதியும். ஏற்கெனவே சர்க்கரை நோய்க்காரர். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் குளுகோஸ் ஏற்றினார்கள். அந்தச் செலவில் ஐந்து பேரும் பத்து தடவை ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டிருக்கலாம். செலவு கிடக்கட்டும், அவங்க என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கே கூப்பிட்டாலும், "நீங்க போய்ட்டு வாங்கத்தா, நான் வீட்டைப் பாத்துக்கறேன்" என்று முடித்துவிடுவார்கள்.

எல்லோருக்கும் நல்ல சம்பளம் வருகிற வீடாக இருந்தால் கார் வைத்துப் போய், வழியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பிட்டு வரலாம். எங்களுக்கு அது முடியாது. இவர் வேலை பார்க்கிற மில்லில் ஷிப்ட்டைக் குறைத்த பிறகு, வெளியூர் என்றாலே காலண்டரைப் பார்க்கிறதா, பர்ஸைப் பார்க்கிறதா என்ற நிலைமை.

இப்படி இருக்கும்போது 2025 ஏப்ரலில் பாம்பனில் புதுப் பாலம் திறந்தார்கள். பழைய பாலம் 1914-ல் கட்டியது. அது வலு இழந்துபோய், 2022 டிசம்பரோடு அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷத்துக்கும் மேலாக ரயில் மண்டபத்தோடு நின்றது. டி.வி.யில் புதுப் பாலத்தைக் காட்டினபோது அத்தை காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிறந்த ஊர் பரமக்குடி. 1971-ல் கல்யாணம் ஆன புதிதில் மாமனாரோடு ரயிலில் அந்தக் கடலைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அப்போது ரோட்டுப் பாலம் கிடையாது, அது 1988-ல்தான் வந்தது. "உங்க மாமா ஜன்னல் வழியா காசு போடச் சொன்னாக. எனக்குப் பயம், கண்ணைத் தொறக்கவே இல்ல" என்றார்கள். மாமா போய் எட்டு வருஷம் ஆகிறது. அத்தை அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் காலாண்டு லீவு விட்டதும் ஒரு வார நாளில் ராமேசுவரம் போவது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

மதுரையிலிருந்து காலையில் பாசஞ்சர் ரயில் இருக்கிறது. 160 கிலோமீட்டர் சொச்சம். ஆளுக்கு ஐம்பது ரூபாய்கூட ஆகாது, சின்னவளுக்கு அரை டிக்கெட். முன்பதிவும் இல்லை, ஒன்றும் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே போனால் ஜன்னல் ஓரமே கிடைக்கும்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். பழனியில் நடந்தது ஏன் என்று அந்த டாக்டரம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் விதை கொதிக்கிற தண்ணீரிலும் சாகாதாம். சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருந்தால் அது முளைத்துப் பெருகி விஷத்தைக் கக்கிவிடும். அப்புறம் திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. நான் சூட்டோடு மூடித் துண்டால் சுற்றியது, கிருமிக்குத் தொட்டில் கட்டித் தாலாட்டியது மாதிரி! போதாததற்குத் தேங்காய் வேறு. இன்னொன்றும் சொன்னார்கள். எப்போதும் வாடை வந்துதான் கெடும் என்று இல்லை. ஆகையால் மூக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்ப வேண்டும்.

நம் பாட்டிமார் வழிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டியதற்குக் காரணம் அந்தப் புளிப்புதான். புளிப்பில் அந்தக் கிருமி சுலபமாகத் தலையெடுக்காது.

புளிக்காய்ச்சலை முதல் நாள் ராத்திரியே செய்துவிட்டேன். அரை கிலோ அரிசிக்கு எழுபத்தைந்து கிராம் பழம்புளி, கெட்டியாகக் கரைத்தது. நல்லெண்ணெய் நூற்றைம்பது மில்லி. (எண்ணெயில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். புளியோதரை வறண்டு தொண்டையை அடைக்கும்.) கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, பெருங்காயம், கறிவேப்பிலை. மிளகாய்க்கு ராமநாதபுரத்து முண்டு வத்தல் பன்னிரண்டு. நீட்டு மிளகாயில் காரம் இருக்கும், ஆனால் இந்த வாசனை வராது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்க வேண்டும். தனியா, வெந்தயம், எள் மூன்றையும் வறுத்துப் பொடி செய்து கடைசியில் தூவினேன்.

விடிகாலை சாதத்தை உதிரியாக வடித்து, பெரிய தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் குளிக்கப் போனேன். கையை வைத்தால் சூடே தெரியக்கூடாது. அப்புறம்தான் காய்ச்சலைப் போட்டுக் கலந்தேன். தூக்கின் உள்பக்கத்தைத் துளி ஈரம் இல்லாமல் துடைத்து, அனலில் வாட்டிய வாழையிலையை விரித்து அடைத்தேன்.

தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய மசித்துக் காய்ச்சின பாலை நிறைய விட்டு, நன்றாக ஆறின பிறகு இரண்டு கரண்டி தயிர், உப்பு, இஞ்சி. மதியம் திறக்கிறபோது அளவான புளிப்போடு தோய்ந்திருக்கும். வெங்காயமும் வெள்ளரிக்காயும் இதில் வேண்டாம், நீர் விட்டுவிடும். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் வறுத்த மோர்மிளகாயும்.

காலைக்கு இட்லி. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் இரண்டு பக்கமும் தடவினது. தேங்காய்ச் சட்னி என்ற பேச்சே கிடையாது. ராத்திரி திரும்பும்போது சாப்பிடச் சப்பாத்தியும், தண்ணீர் விடாமல் வதக்கின தக்காளித் தொக்கும். அத்தைக்கென்று பச்சைப்பயறுச் சுண்டல் தனியாக. புளியோதரையைக் குறைத்துக்கொண்டு சுண்டலைக் கூடச் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று ஏறாது. என் கைப்பையில் நாலு சர்க்கரை மிட்டாயும் வைத்திருந்தேன். மாத்திரை போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரம் தப்பினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும், அப்போது உடனே வாயில் போடுவதற்கு.

கைக்குழந்தை வைத்திருக்கிற சின்னத் தாய்மார்கள் இதில் எதையும் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், வெயில் காலத்தில்கூடத் தண்ணீர் வேண்டாம். அதற்கு மேற்பட்ட குழந்தை என்றால் தோல் உரிக்காத வாழைப்பழத்தைவிடச் சுத்தமான கட்டுச்சோறு உலகத்தில் இல்லை. உரித்து, மசித்து, உடனே ஊட்டிவிடலாம்.

கிளம்புகிறபோது அத்தை மூட்டையைப் பார்த்தார்கள். "எனக்கு ரெண்டு இட்லி போதும்த்தா. மத்தியானம் பழம் எதாச்சும் வாங்கிக்கறேன்" என்றார்கள். நான் பதில் பேசவில்லை.

திருப்புவனம், மானாமதுரை... மானாமதுரை வந்ததும் பெண் குடம், கடம் என்று கேட்கத் தொடங்கினாள். அந்த ஊர் மண்ணில்தான் கச்சேரியில் தட்டுகிற கடம் செய்கிறார்கள் என்று இவர் சொல்லிக்கொண்டு வந்தார். பரமக்குடி ஸ்டேஷனில் அத்தை எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். தெரிந்தவர் யாரும் ஏறவில்லை.

மண்டபம் தாண்டியதும் வண்டி ஊர ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கடல். பச்சையா நீலமா என்று சொல்லத் தெரியாத ஒரு நிறம். புதுப் பாலத்தில் கப்பல் வந்தால் நடுவில் இருக்கிற எழுபத்திரண்டரை மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுமாம். பக்கத்திலேயே பழைய பாலம் துருப்பிடித்து நின்றது. அதில் நடுப்பகுதி இரண்டாகப் பிளந்து, கும்பிடுகிற கைகளைப் பிரித்தாற்போல மேலே எழும்பும். அத்தை இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. பழைய பாலத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துப் பேரன் கையில் கொடுத்து, "போடுறா" என்றார்கள். அவன் ஒரு கேள்வி கேட்காமல் போட்டான்.

கோயிலில் முறை வைத்துக்கொண்டு போனோம். ஒருத்தர் மூட்டைக்குக் காவல், மற்றவர்கள் உள்ளே. அந்த நீளப் பிராகாரத்தைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது, பார்க்கத்தான் வேண்டும். வெளியே வந்ததும் அத்தையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்துத் துடைத்துவிட்டேன். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் கல் குத்தினாலும் தரை சுட்டாலும் தெரியாமல் போய்விடும். உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடக்கவிடக்கூடாது.

பன்னிரண்டரை மணிக்கு நிழலான ஒரு திண்ணை கிடைத்தது. தூக்கைத் திறக்கிறபோது எனக்குக் கை நடுங்கியது என்றால் நம்புவீர்களோ என்னவோ. அத்தை தூண் பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள், பார்க்காத மாதிரி. இலையைப் பிரித்தேன். நல்லெண்ணெயும் பெருங்காயமும் குப்பென்று மணத்தது. முதல் கவளத்தை நானே சாப்பிட்டேன். பருக்கை பருக்கையாக உதிர்ந்தது, பிசுபிசுப்பு இல்லை. அப்புறம் அத்தையைப் பார்த்து, "சூடு சுத்தமா ஆறினப்புறம்தான் அத்தை கட்டினேன். சந்தேகம்னா இப்பவே கொட்டிடறேன். சத்தியமா மனசு வருத்தப்பட மாட்டேன்" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நகர்ந்து வந்து, "கொட்டுறதுக்கா நாலு மணிக்கு எந்திரிச்ச? போடு" என்றார்கள்.

ஒரு கரண்டி போட்டேன். இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வடநாட்டுக் குடும்பம் ஒன்று எங்களையே பார்த்தது. அந்த அம்மாளுக்குப் பெரியவன்தான் ஒரு இலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தான், ஹோட்டல் கேட்ட அதே பிள்ளை! அவர்கள் பதிலுக்கு ஏதோ எள்ளுருண்டை மாதிரி ஒன்று கொடுத்தார்கள். பேர் தெரியவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம்வரை நேரம் இருந்ததால் அரசு பஸ்ஸில் தனுஷ்கோடி போனோம். 1964 டிசம்பர் புயலில் ஊரும் ஒரு பாசஞ்சர் ரயிலும் கடலோடு போனபோது அத்தைக்குப் பதினோரு வயசு. பரமக்குடியில் பெரியவர்கள் அழுததைச் சொன்னார்கள். இடிந்த சர்ச்சுக்கு முன்னால் பிள்ளைகள் இரண்டு பேரும் சத்தம் போடாமல் நின்றார்கள்.

மாலைப் பாசஞ்சரில் சப்பாத்தியும் காலி. டிக்கெட், பஸ், கோயில் செலவு, டீ, மோர் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. சமையல் சாமான் தனி, அது எப்படியும் வீட்டில் ஆகிற செலவுதானே. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அத்தை இருமினால்கூட எழுந்து பார்த்தேன். அவர்கள் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் கிணற்றடியில் தூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அத்தை காப்பி டம்ளரோடு வந்து நின்றார்கள்.

"ஏத்தா, திருச்செந்தூருக்கும் ரயில் போகுதாம்ல?"

"போகுது அத்தை."

"அந்தப் பொடியில எள்ளு கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்க. அடுத்த தடவை நான் வறுத்துத் தாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்கள்.