பிளவுண்ட அணுவும் பகாச் செயலும்

‘பிளக்கவொண்ணாதது’ என்பதே ஆங்கிலர் ‘ஆட்டம்’ என வழங்கும் சொல்லின் கிரேக்க மூலப்பொருள். 1897-இல் தாம்சன் அணுவினுள் எதிர்மின்னியைக் கண்டார். 1938-இல் செருமானியர் அணுக்கருவையே பிளந்தனர். நம் கல்பாக்க உலையில் 1983-இல் தொடங்கியதும் அப்பிளவே. பொருள் பொய்த்தும் பெயர் நின்றது. நமக்கு அதனாற் கேடில்லை. ‘அணு’ என்பது நுண்மையைக் குறிப்பதேயன்றிப் பிளவாமையைக் குறிப்பதன்று.

கேடு கணிப்பொறித் துறையில் வந்தது. தென்னேரி நெசவாளர் ஒருவர் பட்டுநூலுக்கெனக் காஞ்சிக் கடைக்குப் பத்தாயிரம் உருபா வங்கிவழி அனுப்புகிறார் என்க. அவர் கணக்கில் கழிதலும் கடைக்காரர் கணக்கில் சேர்தலும் ஒருங்கே நிகழ வேண்டும். இடையே மின்னோட்டம் அற்றால் இரண்டுமே நிகழாதிருத்தல் வேண்டும். கழிந்தது சேராது நின்றால் உழைத்தவன் வயிற்றிலன்றோ அடி! பாதியில் நில்லாத இவ்வியல்பையே ஆங்கிலர் ‘அடாமிக்’ என்றனர். பழைய கிரேக்கப் பொருளுக்கே மீண்டனர். சொல்லுக்குச் சொல் பெயர்ப்போரோ ‘அணுச் செயல்’ என்கின்றனர். படிக்கும் மாணவன் கதிர்வீச்சையோ சிறுமையையோ எண்ணாமல் வேறென் செய்வான்? அச்செயல் சிறிதாயிருக்க வேண்டியதுமில்லை. நூறு கணக்குகளை ஒருங்கே திருத்துவதும் அவ்வகையாகலாம்.

பகுக்கவியலாச் சொல்லை நன்னூலார் பகாப்பதம் என்றார். பகா எண்ணைப் பள்ளிப்பிள்ளையும் அறியும். அவ்வழியே இதனைப் ‘பகாச் செயல்’ என்போம். கணிப்பொறிப் பாடநூல் எழுதுவோர் அடுத்த பதிப்பிலேயே இதனைக் கைக்கொள்க.