காகம் வருவதற்கு முன்



பிள்ளைகளோடு விளையாடும்போது நீங்கள் அளாப்புவதுண்டா? "சீச்சீ, இல்லவே இல்லை" என்று சொல்ல அவசரப்படாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 ஆம் ஆண்டு. மணிக்கணக்காக மின்சாரம் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தொலைக்காட்சி இல்லை. கைத்தொலைபேசியின் சார்ஜும் பொழுதுபடும் முன்னே முடிந்துவிடும். அலுமாரிக்கு மேலே கிடந்த பாம்பும் ஏணியும் மட்டையைத் தூசு தட்டி எடுத்து, மேசை விளக்கின் கீழே விரித்தோம். அப்போது மூத்தவளுக்கு ஒன்பது வயது. சின்னவனுக்கு நான்கு.

முதல் நாளே சண்டை. உச்சிக்குக் கிட்டப்போன சின்னவனைப் பாம்பு விழுங்கியது. மட்டையைத் தட்டிவிட்டு அவன் ஓவென்று அழுதான். அடுத்த நாள் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். விளக்கு வெளிச்சம் மங்கல்தானே? அவன் எறியும் தாயக்கட்டையை எடுத்துக் கொடுப்பது போல விரலால் மெல்லப் புரட்டிவிட்டேன். அவன் வென்றான். வீடு அமைதியாக இருந்தது. எனக்குள் ஒரு பெருமை வேறு!

மூன்றாம் நாள் மூத்தவள் தன் காயை எடுத்து வைத்துவிட்டு எழுந்தாள். அவள் அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "அம்மா, தம்பிக்காக நீங்கள் அளாப்பிறியள். எனக்காக ஒருநாளும் அளாப்பேல்லை" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

விட்டுக்கொடு பிள்ளை!

"விட்டுக்குடு பிள்ளை, அவன் சின்னவன்தானே" என்று எமது வீடுகளில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்? அதைக் கேட்பவள் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். இனிப்பில் விட்டுக்கொடுக்கிறாள், யன்னலோர இருக்கையில் விட்டுக்கொடுக்கிறாள், கடைசியில் விளையாட்டிலும் விட்டுக்கொடுக்கிறாள். விட்டுக்கொடுப்பது நல்ல குணம்தான், மறுக்கவில்லை. ஆனால் தானாக விட்டுக்கொடுப்பது வேறு, தோற்கும்படி வற்புறுத்தப்படுவது வேறு அல்லவா?

சின்னவனுக்கும் நாம் நன்மை செய்யவில்லை. கள்ளமாகக் கிடைத்த வெற்றியை உண்மை என்று நம்பிக்கொண்டு அவன் வெளியே போவான். முன்பள்ளியில் யார் அவனுக்காகக் கட்டையைப் புரட்டுவார்கள்?

அப்படியானால் என்ன செய்வது? ஒன்பது வயதுப் பிள்ளையும் நான்கு வயதுப் பிள்ளையும் ஒரே மேசையில் இருந்து, இருவரும் முழுமனதோடு, யாரும் அளாப்பாமல் விளையாட ஒரு வழி உண்டா? இதை ஜேர்மனியில் இருக்கும் என் தங்கையிடம் தொலைபேசியில் சொல்லிக் குறைப்பட்டேன். அவள் சிரித்துவிட்டு, "அக்கா, இங்கே என் பிள்ளைகள் காகத்தோடுதான் போட்டி போடுகிறார்கள்" என்றாள்.

காகத்தோடு போட்டி

அவள் சொன்ன விளையாட்டின் பெயர் 'ஒப்ஸ்ட்கார்ட்டன்'. தமிழில் சொன்னால் பழத்தோட்டம். அன்னலீஸ் ஃபார்காஷோவ்ஸ்கி என்ற பெண்மணி உருவாக்கியது. ஜேர்மனியின் 'ஹாபா' நிறுவனம் 1986 இல் அதை வெளியிட்டது. மூன்று வயதுப் பிள்ளையே விளையாடக்கூடியது.

பலகையில் நான்கு மரங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பழங்கள், மொத்தம் நாற்பது. பிள்ளைகள் முறைக்கு முறை கட்டையை எறிந்து பழம் பறித்துக் கூடையில் போட வேண்டும். கட்டையின் ஒரு பக்கத்தில் காகம் இருக்கிறது. அது விழும்போதெல்லாம் ஒன்பது துண்டுகளாக உள்ள காகப் படத்தில் ஒரு துண்டு சேரும். படம் முழுமையாவதற்கு முன் எல்லாப் பழங்களையும் பறித்துவிட்டால் எல்லோருக்கும் வெற்றி. காகம் முந்திக்கொண்டால் எல்லோருக்கும் தோல்வி. அங்கே அக்காவும் தம்பியும் எதிராளிகள் அல்லர். இருவருக்கும் ஒரே எதிராளி, காகம்.

இப்படிப்பட்டவற்றைக் கூட்டு விளையாட்டு என்கிறார்கள். இந்த யோசனை அதற்கும் முந்தியது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஜிம் டீக்கோவ், ரூத் டீக்கோவ் தம்பதியினர் 1972 இல் 'ஃபமிலி பாஸ்டைம்ஸ்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, கூட்டு விளையாட்டுகளையே உருவாக்கி விற்றார்கள். அவர்களது விளையாட்டுகளில் ஒன்று 'மக்ஸ்' என்ற பூனையைப் பற்றியது. ஓர் எலி, ஒரு குருவி, ஓர் அணில் ஆகிய மூன்றையும் பூனை பிடிப்பதற்கு முன் வீடு சேர்க்க வேண்டும். எதை நகர்த்துவது என்று எல்லோரும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். பூனை நெருங்கிவிட்டால் தின்ன ஏதாவது காட்டி அதைத் திரும்ப அழைக்கலாம். ஆனால் அந்தத் தின்பண்டங்கள் கொஞ்சம்தான் இருக்கும். இப்போதே கொடுப்பதா, பிறகு தேவைப்படும் என்று வைத்திருப்பதா? குடும்பம் நடத்தும் எங்களுக்குப் பழக்கமான கேள்விதான்!

வீட்டிலேயே செய்யலாம்

வெளிநாட்டுப் பெட்டியை வாங்க எல்லோராலும் முடியாது. தேவையும் இல்லை. பழத்தோட்டத்தை நான் ஒரே மாலையில் வீட்டில் செய்தேன். வேண்டியவை இவைதான்: ஒரு பெரிய காட்போட் மட்டை, கலர் பென்சில், கத்தரிக்கோல், நாற்பது மூடிகள், லூடோவின் தாயக்கட்டை ஒன்று.

மட்டையில் எங்கள் ஊர் மரங்கள் நான்கை வரைந்துகொள்ளுங்கள். நாங்கள் மா, கொய்யா, ஜம்பு, தோடை ஆகியவற்றை வரைந்தோம். தண்ணீர்ப் போத்தல் மூடிகளைச் சேர்த்து, நான்கு நிறக் கடதாசிகளை ஒட்டி, மரத்துக்குப் பத்தாக அடுக்குங்கள். மூடி கிடைக்காவிட்டால் தடித்த மட்டையில் வட்டமாக வெட்டிக்கொள்ளலாம். இன்னொரு மட்டையில் பெரிதாக ஓர் அண்டங்காகம் வரைந்து ஒன்பது துண்டுகளாக வெட்டுங்கள்.

கட்டையில் 1 விழுந்தால் மாம்பழம், 2 கொய்யா, 3 ஜம்பு, 4 தோடம்பழம். 5 விழுந்தால் கூடை நிரம்பும் அதிர்ஷ்டம். விரும்பிய பழங்கள் இரண்டு எடுக்கலாம். 6 விழுந்தால் காகத்தின் ஒரு துண்டை வைக்க வேண்டும். ஏற்கெனவே வெறுமையான மரத்தின் எண் விழுந்தால் ஒன்றும் கிடையாது, கட்டையை அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். எண் தெரியாத பிள்ளை என்றால் கட்டையின் பக்கங்களில் நிறக் கடதாசி ஒட்டிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீட்டில் சிறிய பொருள்களைக் காயாக வைக்க வேண்டாம். வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எந்த வயதுப் பிள்ளையிடமும் கொடுக்காதீர்கள். அதன் பருப்பு கடும் நஞ்சு.

கணக்கும் உண்டு

"இதில் என்ன மூளை இருக்கிறது? எல்லாம் கட்டையின் அதிர்ஷ்டம்தானே" என்று என் கணவர் கேட்டார். பதில் சொன்னவள் மூத்தவள்.

கூடை விழும்போது எந்த இரண்டு பழத்தை எடுப்பது? சின்னவன் தனக்குப் பிடித்த ஜம்புவையே எடுத்தான். ஜம்பு மரம் கெதியாக வெறுமையாகிவிட்டது. அதன்பின் 3 விழுந்தபோதெல்லாம் எறிந்தது வீண். ஆனால் 6 மட்டும் என்றைக்கும் வீணாவதில்லை! எனவே எந்த மரத்தில் அதிகம் பழம் நிற்கிறதோ அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதை இரண்டாம் ஆட்டத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

கணக்கைப் பாருங்கள். சராசரியாக ஆறு தடவை எறிந்தால் நான்கு மரத்திலும் ஒவ்வொரு பழம், கூடையால் இரண்டு பழம், காகத்தின் ஒரு துண்டு கிடைக்கும். அதாவது ஆறு பழத்துக்கு ஒரு துண்டு. நாற்பது பழம் பறிக்க நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட எறிகைகள் வேண்டும். காகம் முழுமையாக ஐம்பத்துநான்கு அளவில் வேண்டும். ஆகவே எங்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. ஆனால் கட்டை கணக்குப் பார்த்து விழுவதில்லையே! சில நாள் காகம் வெல்லும். மிகச் சின்னப் பிள்ளைகளோடு தொடங்கும்போது காகத்தைப் பன்னிரண்டாக வெட்டுங்கள். பழகியபின் எட்டாகக் குறையுங்கள்.

தோற்ற அன்று

நாங்கள் முதலில் தோற்ற இரவை மறக்க முடியாது. மரத்தில் நின்றது ஒரே ஒரு தோடம்பழம். காகத்துக்கும் ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. கட்டை சின்னவனின் கையில். எறிந்தான். உருண்டு நின்றது 6. என் விரல் தன்பாட்டில் கட்டையை நோக்கிப் போனது. மூத்தவள் என்னைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டேன்.

அவன் அழப்போகிறான் என்று நினைத்தேன். உதடு துடித்தது உண்மைதான். அக்கா அவனது தோளில் கை போட்டு, "காகம் எங்களை ஏமாத்திப்போட்டுது. இன்னொருக்கா விளையாடுவமா?" என்றாள். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு பழங்களைத் திரும்ப மரத்தில் அடுக்கத் தொடங்கினான்.

தனியாகத் தோற்பதற்கும் பக்கத்தில் ஆள் இருக்கத் தோற்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். தோல்வியைத் தாங்க அவன் பழகியது அந்த இரவில்தான். நான் வெல்ல வைத்த இரவுகளில் அல்ல.

இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1994 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நான்கு முன்பள்ளிகளைச் சேர்ந்த நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் 70 பேரைக் கவனித்தார்கள். கூட்டு விளையாட்டு விளையாடியபோது பிள்ளைகளிடையே ஒத்துழைப்புக் கூடி, அடிபிடி குறைந்தது. போட்டி விளையாட்டின்போது அதற்கு எதிர்மாறாக நடந்தது. விளையாட்டு முடிந்து பிள்ளைகள் தம்பாட்டில் ஓடித்திரிந்த நேரத்திலும் இந்த வித்தியாசம் தெரிந்ததாம். ஓர் ஆய்வை வைத்து எல்லாப் பிள்ளைகளுக்கும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. என்றாலும் யோசிக்க வைக்கிறது அல்லவா?

கவனிக்க வேண்டியவை

கூட்டு விளையாட்டிலும் ஒரு குறை உண்டு. கெட்டிக்காரர் ஒருவர் எல்லோருக்கும் கட்டளை இடத் தொடங்கிவிடுவார். "அதை எடு, இதை விடு" என்று சொல்லிச் சொல்லியே சின்னவர்களைப் பொம்மையாக்கிவிடுவார். எங்கள் வீட்டில் முதலில் மூத்தவளும், பிறகு (வெட்கத்தோடு சொல்கிறேன்) நானும் அதைச் செய்தோம். ஆகவே ஒரு சட்டம் போட்டோம்: எறிந்தவரே எடுப்பார், அவர் கேட்டால் மட்டுமே மற்றவர்கள் யோசனை சொல்லலாம். அவன் பிழையாக எடுத்தாலும் பொறுத்திருக்க வேண்டும். தாய்மாருக்குத்தான் இது மிகவும் கஷ்டம்!

அதற்காக கரம் பலகையையும் லூடோவையும் அலுமாரிக்கு மேலே போட்டுவிட வேண்டாம். போட்டி கெட்டதல்ல. வளர வளரப் பிள்ளைகளுக்கு அதுவும் வேண்டும். வயது ஒத்தவர்கள் மோதட்டும். ஒன்பதும் நான்கும் ஒரே மேசையில் இருக்கும்போது காகத்தைக் கூப்பிடுவோம்.

அப்பாவையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பம்மா, அம்மம்மா இருந்தால் இன்னும் நல்லது. கால்மணி நேரம் போதும்.

மூத்தவள் இப்போது உயர்தர வகுப்புக்குப் போகும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறாள். மட்டையின் மூலைகள் தேய்ந்துவிட்டன. கொய்யாப் பழங்களில் இரண்டைக் காணவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சின்னவன் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டையில் காகம் விழுந்தது. அந்தப் பிள்ளை முகம் சுளித்தபடி கட்டையைப் புரட்டப் பார்த்தது. "அளாப்பக் கூடாது. பரவாயில்லை, நாங்கள் ரெண்டு பேரும்தானே" என்று சொல்லிவிட்டு, காகத்தின் துண்டை அவனே எடுத்து வைத்தான்.

குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த மூத்தவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பழைய கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இந்த விடுமுறையில் நீங்களும் ஒரு மட்டையை எடுத்து வெட்டிப் பாருங்கள், சகோதரிகளே. உங்கள் தோட்டத்தில் என்ன மரங்கள் வரைந்தீர்கள் என்பதை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.