இடுப்பை அசைத்தால் பண்பாடு சரிந்துவிடுமா?

டொரொன்டோவில் வசிக்கும் என் தங்கைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. நீரிழிவும் வந்துவிட்டது. பனிக்காலத்தில் வெளியே நடக்க முடியாது. உடற்பயிற்சி நிலையத்துக்குப் போகக் கூச்சம். ஆகவே வீட்டின் முன்னறையில், யூரியூப்பைப் பார்த்து, தினமும் இருபது நிமிடம் 'பெல்லி டான்ஸ்' பயிற்சி செய்யத் தொடங்கினாள். உறவினர் வீட்டு விருந்தொன்றில் அதை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்று எழுந்த நகைப்பு பல மாதங்கள் ஓயவில்லை. "இந்த வயதில் இதெல்லாம் தேவையா?" என்று கேட்டவர்களில் ஒருவர்கூட அவளுடைய இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. இறுதியில் அவள் பயிற்சியைக் கைவிட்டாள்.

பிறரைக் குறைகூறுமுன் என் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பத்திரிகையின் வார இதழில், இடமொன்றை நிரப்புவதற்காக இத்தகைய நடன மாது ஒருவரின் படத்தைப் போட்டு, அசட்டுத்தனமான தலைப்பொன்றையும் நானே எழுதினேன். அது எந்த நாட்டு ஆடல், அதை ஆடுபவர் யார் என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. பின்னர்தான் படித்தறிந்தேன்.

எகிப்தியர் இந்த ஆடலை வயிற்றின் பெயரால் அழைப்பதில்லை. மேடையில் ஆடப்படுவது 'ரக்ஸ் ஷர்கி', அதாவது கிழக்கத்திய நடனம். ஊர்மக்கள் ஆடுவது 'பலதி', அதாவது நம் மண்ணுக்குரியது. திருமண வீடுகளில் பாட்டியும் பேத்தியும் சேர்ந்து ஆடுவது அது. 'வயிற்று நடனம்' என்பது பிரெஞ்சுக்காரர் சூட்டிய பெயர். 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் 'கெய்ரோ வீதி' என்றொரு பகுதியை அமைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு இந்த ஆடலைக் காட்டினார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயர் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. வேடிக்கை பார்க்க வந்தவனின் கண் வயிற்றில் நின்றது. பெயரும் அங்கேயே நின்றுவிட்டது. கெய்ரோவின் புகழ்பெற்ற நடனக் கலைஞர் தஹியா கரியோக்காவைப் பற்றி, அறிஞர் எட்வேர்ட் செய்ட் 1990 இல் ஒரு கட்டுரையே எழுதினார். அவர் அதில் கண்டது ஒரு கலையை. நம்மவர் காண்பது இடுப்பை மட்டும்.

பண்பாட்டுக் காவலர்கள் எகிப்திலும் இருந்தார்கள். 1834 இல் முகம்மது அலி பாஷா, பொது இடங்களில் ஆடிய பெண்களைக் கெய்ரோவிலிருந்து மேல் எகிப்துக்குத் துரத்தினார். இது நமக்குப் புதிய கதையா? சதிர் ஆடிய பெண்களை இழிவுபடுத்தி ஒதுக்கிவிட்டு, அதே ஆடலுக்குப் பரதநாட்டியம் என்று பெயரிட்டு, அரங்கேற்றத்துக்கு மண்டபம் பிடிப்பவர்கள் அல்லவா நாம்? சினிமாக் குத்தாட்டத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கும் கண்களுக்கு, கதவைச் சாத்திக்கொண்டு தன் உடல்நலத்துக்காக ஆடும் பெண் மட்டும் உறுத்துகிறாள்.

மறுபுறம் வியாபாரிகள். 'பத்தே நாளில் தொப்பை கரையும்' என்று இதே ஆடலை விற்கிறார்கள். அது பொய். எந்த இடத்தை அசைக்கிறோமோ அந்த இடத்துக் கொழுப்புத்தான் கரையும் என்பதற்கு உடலியலில் ஆதாரமில்லை. கொழுப்பு முழு உடலிலிருந்தும் குறைய வேண்டியது. அதில் உணவுக்குப் பெரும் பங்குண்டு. காவலர்கள் அவளை வெட்கப்படுத்தி நிறுத்துகிறார்கள். வியாபாரிகள் ஏமாற்றி நிறுத்துகிறார்கள். பதினோராம் நாள் கண்ணாடியில் அதே வயிற்றைப் பார்ப்பவள் சோர்ந்து விட்டுவிடுகிறாள்.

உண்மையான பயன் எளிமையானது. முழங்காலைச் சற்றே மடித்து, முதுகை நிமிர்த்தி, இடுப்பை மெதுவாக வட்டமிடும்போது, வயிற்றுப் பக்கத் தசைகளும் இடுப்புத் தசைகளும் வேலை செய்கின்றன. உடல் நிலைதடுமாறாமல் நிற்கப் பழகுகிறது. வேலை செய்யும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன. வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரை. ஆடும்போது பேச முடிந்து பாட முடியாதிருந்தால், அது மிதமான உழைப்பு. தினமும் இருபது நிமிடம் என்றால் வாரத்துக்கு 140 நிமிடம். என் தங்கை அந்த எல்லையைத் தொட இன்னும் பத்து நிமிடந்தான் தேவைப்பட்டது. முதுகுவலி, முழங்கால் வலி உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்கட்டும். பின்னோக்கி வளையும் வித்தைகள் வேண்டாம். அவ்வளவுதான் எச்சரிக்கை.

நடப்பது நல்லதுதானே, அதைச் செய்யலாமே என்பார்கள். நல்லதுதான். ஆனால் உறைபனியில் வழுக்கும் பாதையில் அவளோடு கைபிடித்து நடக்க, அப்படிச் சொல்பவர் எவராவது முன்வந்தாரா? எந்தப் பயிற்சி நல்லது என்பதைவிட, எந்தப் பயிற்சியை ஒருத்தி விரும்பித் தினமும் செய்வாள் என்பதே முக்கியம்.

நம் பெண்கள் அரை நூற்றாண்டு காலம் அடுப்படியிலும் தொழிற்சாலையிலும் பிறருக்காக உடலை வருத்தினார்கள். அப்போது எவருக்கும் பண்பாடு நினைவுக்கு வரவில்லை. தமக்காக இருபது நிமிடம் அசைந்தால் மட்டும் வந்துவிடுகிறது.

நேற்றுத் தங்கையுடன் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பழைய படத்தையும் நான் எழுதிய தலைப்பையும் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சிரித்தாள். மீண்டும் தொடங்கும்படி சொன்னேன். "பார்ப்போம்" என்றாள்.