கொழு கொழு குழந்தையும் கண் திருஷ்டியும்

ஒரு குழந்தை வயதுக்கு மிஞ்சிப் பருத்திருந்தால் நம் தர்மபுரி ஜில்லாவில் வீட்டார் செய்கிற காரியம் என்ன? கன்னத்தில் மைப்பொட்டு, அமாவாசைக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவது, வாசலில் பூசணிக்காய் உடைப்பது. ஊரார் கண்பட்டுக் குழந்தை இளைத்துவிடுமாம்! அந்தப் பூசணிக்காயைக் குழம்பில் போட்டிருந்தாலாவது ஒருவேளைக் காய்கறி குழந்தையின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

நம் பாஷையிலும் ஒரு வேடிக்கை இருக்கின்றது. பெரியவன் எதிர்த்துப் பேசினால் "கொழுப்பா?" என்று சீறுகிறோம், குழந்தை கொழுத்திருந்தால் மெச்சுகிறோம். ஆனால் தோலுக்கடியில் தெரிகிற கொழுப்பைவிட இரத்தத்தில் ஓடுகிற கொழுப்பே பெரிய சங்கதியாகும். அது வலிக்காது, கண்ணுக்கும் தெரியாது. தின்ற சர்க்கரையிலும் மாவிலும் செலவாகாமல் மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகின்றது. அதனால் டிரைகிளிசரைடு என்பது ஏறுகின்றது, எச்.டி.எல். என்னும் நல்ல கொழுப்பு இறங்குகின்றது. பருத்த பிள்ளைகளிடம் டாக்டர்கள் பெரும்பாலும் காண்பது இதுதான்.

"சின்னப் பிள்ளைக்கு என்ன வந்துவிடும்?" என்பார்கள். கொரியா யுத்தத்தில் மாண்ட 300 அமெரிக்கச் சிப்பாய்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்த டாக்டர்கள் 1953-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களின் சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேருக்கு இருதய இரத்தக் குழாயில் கேடு துவங்கியிருந்தது. பிறகு அமெரிக்காவில் பொகலூசா என்ற ஊரில் 1972 முதல் நடந்த ஆராய்ச்சியில், விபத்து முதலியவற்றால் இறந்த சிறுவர்களின் குழாய்களிலும் கொழுப்புக் கோடுகள் காணப்பட்டன. எடையும் இரத்தக் கொழுப்பும் கூடியவர்களிடம் அவை அதிகம். ஆகவே நாற்பது வயதில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுகிறவனைப் பார்த்துத் "தலையெழுத்து" என்கிறோமே, அந்த எழுத்தை எழுதியது பிரம்மாவா, பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையா என்று கேட்கின்றோம்.

இது பணக்கார வீட்டு வியாதி, வறண்ட நம் ஜில்லாவுக்கு ஏது என்பவர்களுக்கும் பதில் உண்டு. மத்திய சர்க்கார் 2016 முதல் 2018 வரை எடுத்த கணக்கில், இந்தியாவில் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் பருத்தவர்கள் நூற்றுக்கு 4 பேர்தான். ஆனால் டிரைகிளிசரைடு மிஞ்சியிருந்தவர்கள் நூற்றுக்கு 34 பேர்! மெலிந்த பிள்ளையின் இரத்தமே இப்படியென்றால் பருத்த பிள்ளையின் கதி என்ன? ஐந்து ரூபாய்ப் பொட்டலம் யாருக்காகச் செய்யப்படுகின்றது? பணக்காரனுக்காகவா?

இதற்குள் ஒரு மானக்கேடான சங்கதியும் இருக்கின்றது. ராகிக் களியும் சாமைச் சோறும் தின்று உழைத்த ஜில்லா இது. களி தின்பவன் கீழானவன், வெள்ளைச் சோறு தின்பவன் மேலானவன் என்று சோற்றிலும் ஜாதி பிரித்தார்கள். அந்த வெட்கத்தினாலேயே நாம் களியை விட்டோம். 2023-இல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களின் ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்க சர்க்கார் முன்வந்தது நல்ல காரியமே. அதற்காக ராகியையும் ஒரு தெய்வமாக்கிவிட வேண்டாம். ராகி பிஸ்கெட்டும், சர்க்கரையைக் கொட்டிக் காய்ச்சிய ராகிக் கஞ்சியும் பழைய குப்பையேயாகும்.

பருத்த பிள்ளையைக் "குண்டா" என்று கூப்பிடும் உபாத்தியாயர்களுக்கும் ஒரு வார்த்தை. பொட்டலத்தை வாங்கிக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். விளையாட்டு மணியைப் பிடுங்கிக் கணக்குப் போடச் சொன்னவர்கள் நீங்கள். பிள்ளை செய்த குற்றம் என்ன?

கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்கூடத்திலும், அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாதென்று 2020-இல் விதி செய்யப்பட்டது. பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் இருக்கும் தோழர்கள் ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போய் வாசலிலிருந்து அளந்து பார்க்கட்டும். பிள்ளையின் இடுப்பில் மந்திரித்துக் கட்டுகிற கயிறே போதும், பல முடிச்சுப் போட்டு நீட்டிக்கொள்ளலாம். அளந்ததைத் தலைமை உபாத்தியாயருக்கும் கலெக்டருக்கும் எழுதுங்கள். பருத்த பிள்ளையைச் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், இரத்தக் கொழுப்பைப் பார்க்க வேண்டுமாவென்று டாக்டரைக் கேளுங்கள்.