பங்கும் பகிர்வும்



அமெரிக்காவில் 1979-ஆம் ஆண்டு தொடங்கிய ஈ.எஸ்.பி.என். விளையாட்டு அலைவரிசை, நெடுங்காலம் கேபிள் தொகுப்பின் வழியாகவே இல்லங்களை அடைந்தது. ஆட்டமே பாராத மூதாட்டியும் அதற்குரிய பங்கைத் தம் மாதக் கட்டணத்தில் செலுத்தி வந்தார். 2025 ஆகஸ்டு 21 முதல், கேபிள் இணைப்பு இல்லாதவரும் சந்தா செலுத்தி அதனை இணையம் வழியே நேரடியாகப் பெறுகின்றனர்; தொடக்கத்தில் அதன் கட்டணம் மாதம் 29.99 டாலராக இருந்தது.

விரும்பிப் பார்ப்பவரே விலை கொடுப்பது நீதிதான். ஆயினும், பலர் தோளில் பரவியிருந்த சுமை இனிச் சிலர்மீது இறங்குகிறது. ஆட்டங்களோ பல நிறுவனங்களிடம் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சந்தா. எளிய வீட்டுச் சிறுவன் என் செய்வான்?

சந்தா செலுத்தும் இல்லத்தார், ஆட்ட நாளில் அண்டை வீட்டாரையும் அழைத்து அமர்த்துவார்களாக! நீதி கணக்கைத் தீர்க்கும்; பிறரன்போ கதவைத் திறக்கும்.