ஆயிரம் போட்டு லட்சம் எடுத்த ஹில்லாரி! மாடே இல்லாத மாட்டு வியாபாரம்

ஆயிரம் டாலர் போட்டார். பத்தே மாதத்தில் லட்சம் டாலரைத் தொட்டு விட்டார்!

போட்டவர் ஹில்லாரி. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த பில் கிளிண்டனின் மனைவி. சம்பவம் நடந்தது 1978-79ல். ஊருக்குத் தெரிந்தது 1994 மார்ச்சில்தான். 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை போட்டு உடைத்தது. அப்போது புருஷர் ஜனாதிபதி நாற்காலியில் இருந்தார்.

மாட்டு வியாபாரம் என்றதும் சந்தை, கயிறு, சாணி என்று நினைத்து விடாதீர்கள். இது காகித வியாபாரம். சில மாதம் கழித்து மாட்டு விலை ஏறுமா, இறங்குமா என்று கணக்குப் போட்டு இன்றைக்கே விலை பேசிக் கொள்வது. கணக்கு பலித்தால் கொள்ளை லாபம். தப்பினால் வீடு வாசல் போய் விடும். அதனால் 'மார்ஜின்' என்று ஒரு பணத்தைத் தரகரிடம் முன்னாலேயே கட்ட வேண்டும். பார்ட்டி கையை விரித்தால் தரகர் தலையில் துண்டு விழக் கூடாதே!

ஹில்லாரி முதல் பேரத்திலேயே 10 ஒப்பந்தம் போட்டார். ஒரு ஒப்பந்தத்துக்கு 40 ஆயிரம் பவுண்டு எடை மாடு. வழக்கமாகக் கட்ட வேண்டிய மார்ஜின் 12 ஆயிரம் டாலர். அவர் கணக்கில் கிடந்தது வெறும் ஆயிரம். தரகர் மூச்சு விடவில்லை. அந்த ஒரு பேரத்தில் மட்டும் 5,300 டாலர் லாபம்.

மண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். புதுசாக வந்த ஆளிடம் பன்னிரண்டு வாங்க வேண்டிய இடத்தில் ஒன்று வாங்கிக் கொண்டு எந்தத் தரகர் சரக்கு எழுதுவார்?

வழிகாட்டிய வக்கீல்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வழி காட்டியவர் ஜேம்ஸ் பிளேர். குடும்ப நண்பர். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் பெரிய கோழிக் கம்பெனியான டைசனுக்கு வக்கீல். பெரும்பாலான பேரங்களை அவரே தரகரிடம் சொல்லிப் போட்டார். தரகரும் முன்னே டைசனில் வேலை பார்த்த ஆசாமி.

நேரத்தைப் பாருங்கள். கணக்கு தொடங்கியது 1978 அக்டோபர். அடுத்த மாதம் கவர்னர் எலெக்ஷன். அங்கே கவர்னர் என்றால் ஓட்டு வாங்கி ஜெயித்து, மாநிலத்தையே ஆளுகிறவர். நம்ம ஊர் முதல்-மந்திரி மாதிரி. கிளிண்டன் ஜெயிப்பார் என்று மாநிலத்தில் எல்லாருக்கும் தெரியும். கோழிக் கம்பெனிக்கு அரசாங்கத்தின் தயவு தேவை என்பதும் தெரியும்.

ஹில்லாரியைச் சாதாரண இல்லத்தரசி என்று எண்ணி விட வேண்டாம். யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். 1974ல் நிக்சனைப் பதவி நீக்க நடந்த விசாரணையில் வேலை பார்த்தவர். வாஷிங்டனிலேயே பெரிய ஆளாகி இருக்கலாம். காதலித்தவருக்காக ஆர்கன்சாஸ் போனார். கல்யாணம் ஆகியும் ரோதம் என்ற பிறந்த வீட்டுப் பெயரையே வைத்திருந்தார். 1980ல் புருஷர் தோற்றதும், அடுத்த தேர்தலுக்கு 'கிளிண்டன்' பெயரில் ஒட்டிக் கொண்டது!

கவர்னருக்கு வருஷச் சம்பளம் 35 ஆயிரம் டாலர்தான். குடும்பத்துக்கு நாலு காசு சேர்க்கும் கவலை மனைவி தலையில் விழுந்தது. அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் பத்து மாதத்தில் வந்தது, கணவரின் மூன்று வருஷச் சம்பளம் மாதிரி. அன்றைய கணக்கில் ஏறத்தாழ 8 லட்சம் ரூபாய்.

1979 ஜூலையில் ஆட்டத்தை நிறுத்தினார். வயிற்றில் பிள்ளை, டென்ஷன் தாங்கவில்லை என்று பிறகு காரணம் சொன்னார். அந்த வருஷமே மார்க்கெட் சரிந்தது. வழிகாட்டிய பிளேரே பெரும் பணத்தை விட்டார்!

குற்றமா? இல்லையா?

சும்மா சொல்லக் கூடாது, அவர் மேல் எந்த வழக்கும் வரவில்லை. சிகாகோ சந்தையின் தலைவராக இருந்தவர் ஏடுகளைப் பார்த்து விட்டு, விதியை மீறியது தரகர் தரப்புதான், ஹில்லாரி அல்ல என்றார். அந்தத் தரகருக்கு 1979லேயே மூன்று வருஷத் தடை. கம்பெனிக்கு இரண்டரை லட்சம் டாலர் அபராதம். அது பல வாடிக்கையாளர் கணக்குகளில் நடந்த கோல்மாலுக்காக.

சட்டம் அதோடு நின்று விட்டது. நஷ்டம் வந்திருந்தால் யார் கட்டியிருப்பார்கள்? இந்தக் கேள்விக்கு இன்று வரை விடை இல்லை. கவர்னராகப் போகிறவரின் மனைவியிடம் பாக்கி கேட்டு எந்தத் தரகர் போன் போடுவார்? ஹில்லாரி யாரிடமும் சலுகை கேட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது தானாக வந்து வாசலில் நிற்கும்.

1994 ஏப்ரல் 22. வெள்ளை மாளிகையில் இளஞ்சிவப்பு உடையில் நிருபர்கள் முன்னால் உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பதில் சொன்னார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அதே மாதம், 1980ல் கணக்கில் காட்டாமல் விட்ட வியாபார லாபத்துக்குத் தம்பதி வரியும் வட்டியும் கட்டினார்கள்.

அடுத்தது 'ஒயிட்வாட்டர்' நில விவகாரம். விசாரணைக்காரர்கள் தேடிய வக்கீல் ஆபீஸ் ரசீதுகள் இரண்டு வருஷம் கழித்து 1996 ஜனவரியில் வெள்ளை மாளிகை வீட்டுப் பகுதியிலேயே கிடைத்தன! எப்படி வந்தன என்று தனக்குத் தெரியாது என்றார். கிராண்ட் ஜூரி முன் நேரில் போய் சாட்சி சொன்ன முதல் ஜனாதிபதி மனைவி அவர்தான். 2000 செப்டம்பரில், குற்றம் நிரூபிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று பைல் மூடப்பட்டது. நவம்பரில் செனட்டர் தேர்தலில் ஜெயித்து விட்டார். 2009ல் வெளியுறவு மந்திரி.

2016ல் ஜனாதிபதி நாற்காலிக்கே போட்டியிட்டபோது பழைய சந்தேகமும் கூடவே வந்தது. 2013ல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற பெரும் நிதிக் கம்பெனிக்கு மூன்று முறை பேசியதற்கு 6 லட்சத்து 75 ஆயிரம் டாலர் வாங்கியிருந்தார். ஏன் இவ்வளவு என்று டெலிவிஷனில் கேட்டார்கள். அவர்கள் கொடுத்தது அவ்வளவு என்றார்! பேச்சு நகலை வெளியிடுங்கள் என்று எதிர்ப்பாளர்கள் கேட்டுக் கொண்டே இருந்தார்கள். கடைசி வரை அவர் கொடுக்கவில்லை. நவம்பரில் நாடு முழுக்க எண்ணிய ஓட்டில் 28 லட்சத்துக்கு மேல் அதிகம் வாங்கியும், மாநிலக் கணக்கில் டிரம்பிடம் தோற்றார்.